உப்புக் காற்றும் ஒரு சதவீதப் பிழையும்

திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் பலநாள் கலமொன்றின் மின்வழங்கிப் பெட்டி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பழுதுபார்ப்பவர் அதைத் திறந்து, பெரிய கொள்ளளவியைக் கழற்றி மீற்றரில் வைக்கிறார். அதன் உடலில் 1000 மைக்ரோபரட் என்று அச்சிட்டிருக்கிறது. மீற்றர் 960 என்கிறது. நல்ல சாமான்தான் என்று திரும்பவும் பற்றாசு வைத்துப் பெட்டியைப் பூட்டிவிடுகிறார். கலம் கடலுக்குப் போன இரண்டாம் நாள் இரவு பெட்டி மறுபடி நிற்கிறது. றேடியோ இல்லை, இடங்காட்டி இல்லை, மீன் கூட்டத்தைக் காட்டும் திரை இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2015 இல் இலங்கை மீனுக்குத் தடை போட்டு அடுத்த ஆண்டு அதை நீக்கிய காலத்தில் பலநாள் கலங்களுக்குக் கட்டாயமான செய்மதிக் கண்காணிப்புக் கருவியும் மின்சாரம் வராவிட்டால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

பழுதுபார்த்தவரின் கைவேலையில் குறை இல்லை. அவர் நம்பிய மீற்றர் ஒன்றில் வேறொரு கேள்விக்குப் பதில் சொன்னது, அல்லது சொன்ன பதிலே பிழையாக இருந்தது. முதலாவது அறிவால் தீரும். இரண்டாவதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் மீற்றரையே இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். செத்துப்போன மீற்றரால் யாருக்கும் தீங்கு இல்லை. திரை இருண்டு கிடப்பதைப் பார்த்ததும் எடுத்து ஒதுக்கிவிடுவோம். பளிச்சென்று எண்ணைக் காட்டிக்கொண்டே ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று விலகிப்போகும் மீற்றர்தான் ஆபத்தானது. முன்னும் பின்னும் கடல் இருக்கும் இந்த நகரில் மீற்றர் அப்படி விலகுவதற்குக் காரணங்கள் நிறைய உண்டு.

முதலில் அந்தக் கொள்ளளவியைப் பார்ப்போம். உள்ளே இரண்டு அலுமினியத் தாள்கள், நடுவே மின்பகு திரவம் ஊறிய காகிதம். சூட்டில் திரவம் மெல்ல ஆவியாகி அடைப்பின் வழியே வெளியேறும். இயங்கும் வெப்பநிலை 10 பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. இயந்திர அறைக்குப் பக்கத்தில், வைகாசி வெயிலில், கலத்தின் பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. திரவம் குறையக் குறைய உட்தடை ஏறுகிறது. ஈஎஸ்ஆர் என்று பழுதுபார்ப்போர் சொல்வது இதைத்தான். கொள்ளளவு 4 சதவீதம் மட்டும் குறைந்திருக்கையில் உட்தடை பல மடங்கு ஏறியிருக்கலாம். சாதாரண மல்டிமீற்றர் கொள்ளளவியை மெதுவாக மின்னேற்றி, அதற்கு ஆகும் நேரத்தைக் கொண்டு கொள்ளளவைக் கணக்கிடுகிறது. ஓமில் ஒரு சிறு பங்காக ஏறிய உட்தடை அந்தக் கணக்கில் படாது.

எல்சிஆர் மீற்றர் செய்யும் வேலை வேறு. அது பாகத்தின் ஊடாக ஓர் ஆடலோட்டத்தை அனுப்புகிறது. பெரிய மின்பகுப்புக் கொள்ளளவி என்றால் 100 அல்லது 120 ஹேர்ட்ஸ், மற்றவற்றுக்கு 1 கிலோஹேர்ட்ஸ், மின்வழங்கிகளில் வரும் பாகங்களுக்கு 100 கிலோஹேர்ட்ஸ். பாகத்தின் குறுக்கே எவ்வளவு வோல்ற்றளவு, ஊடாக எவ்வளவு மின்னோட்டம், இரண்டுக்கும் இடையே எத்தனை பாகைக் கோணம் என்று பார்க்கிறது. குறையற்ற கொள்ளளவியில் மின்னோட்டம் வோல்ற்றளவுக்கு 90 பாகை முந்திப் போகும். உண்மையான கொள்ளளவியில் கொஞ்சம் குறையும். அந்தக் குறைவில்தான் உட்தடையும் இழப்பும் ஒளிந்திருக்கின்றன. கொட்பேயில் 100 கிலோஹேர்ட்ஸில் அளந்திருந்தால் அந்தக் கொள்ளளவி அங்கேயே குப்பைக்குப் போயிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எல்சிஆர் மீற்றர் கொள்ளளவை நேரே காண்பதில்லை. பாகத்தின் குறுக்கே உள்ள வோல்ற்றளவையும், தனக்குள்ளே இருக்கும் ஒரு தெரிந்த தடையியின் குறுக்கே உள்ள வோல்ற்றளவையும் வகுத்துப் பார்க்கிறது. அது காட்டும் ஒவ்வொரு எண்ணும் அந்த உள்தடையியின் நேர்மையைப் பொறுத்தது. தடையி விலகினால் மீற்றரும் விலகும். திரையில் இலக்கங்கள் எத்தனை இருந்தாலும் இது மாறாது. ஆறு இலக்கம் காட்டும் கருவி ஆறு இலக்கம் சரியாகச் சொல்கிறது என்று நம்புவதுதான் இத்துறையில் பரவலான மயக்கம் என்பது என் எண்ணம்.

மல்டிமீற்றரிலும் கதை இதுதான், ஆனால் அங்கே ஓர் அழகான தந்திரம் இருக்கிறது. பல எண்முறை மல்டிமீற்றர்கள் அளக்க வேண்டிய வோல்ற்றளவால் உள்ளே ஒரு கொள்ளளவியைக் குறித்த நேரத்துக்கு மின்னேற்றும். பிறகு தன்னிடமுள்ள நிலையான வோல்ற்றளவால் அதை இறக்கி, இறங்க எடுத்த நேரத்தை எண்ணும். ஏற்றியதும் இறக்கியதும் அதே கொள்ளளவி, அதே கடிகாரம். ஆகவே கொள்ளளவி பழசானாலும் கடிகாரம் சற்றுப் பிந்தினாலும் பிழை தானே கழிந்துவிடும். மிஞ்சுவது இரண்டு: அந்த நிலை வோல்ற்றளவும், உள்ளே வரும் வோல்ற்றளவைப் பங்கிட்டுக் குறைக்கும் தடையிகளும். மல்டிமீற்றர் பொய் சொல்லத் தொடங்கினால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கையில் தூக்கிப்போகும் மீற்றருக்கு வயது நூறு கடந்துவிட்டது. பிரித்தானிய அஞ்சல் துறையில் பொறியாளராக இருந்த டொனால்ட் மெக்காடி, தொலைபேசி இணைப்புகளைச் சரிபார்க்க அம்பியர்மானி, வோல்ற்மானி, ஓம்மானி என்று தனித்தனியாகச் சுமப்பதில் சலித்துப்போய் மூன்றையும் ஒரு பெட்டிக்குள் அடக்கினார். 1923 இல் அது அவோமீற்றர் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. பிரித்தானியக் கடற்படை தனக்கென்றே ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் திருகோணமலை அந்தக் கடற்படையின் பெருந்தளங்களில் ஒன்று. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் வந்தபோது இங்கிருந்த ராடார் நிலையம் அவற்றைத் தொலைவிலேயே கண்டது. பாதுகாப்பு விமானங்கள் முன்கூட்டியே எழும்பின. முந்திய இரவில் துறைமுகத்தை விட்டு வெளியே அனுப்பப்பட்ட ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் அன்று மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அக்கால ராடார் முழுவதும் வால்வுகளால் ஆனது. வால்வு தேயும், தடையி சூட்டில் மதிப்பு மாறும், கொள்ளளவி கசியும். நாள்தோறும் அளந்து சரிப்படுத்துவோர் இல்லையென்றால் அந்தக் கண் மங்கிவிடும். வெடிகுண்டுகளைப் பற்றியும் கப்பல்களைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. மீற்றர் முள்ளைப் பார்த்துக்கொண்டு வெப்பமான அறைகளில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றியும் யாராவது விரிவாக எழுத வேண்டும்.

1957 இல் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. இன்று அதே குடாக்களைச் சுற்றி, பிறிமா மாவு ஆலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளும் கடற்படைப் பயிற்சிக் கல்லூரியும் இருக்கின்றன. ஒவ்வொன்றின் உள்ளேயும் மோட்டார்களை ஆளும் மின்னணுப் பெட்டிகள், எடைபார்க்கும் உணரிகள், தொடர்புக் கருவிகள். 2025 ஏப்ரலில் தொடக்கி வைக்கப்பட்ட 120 மெகாவோட் சம்பூர் சூரிய மின் திட்டமும் சேர்ந்தால், கடற்கரையோரமாக இன்னும் ஏராளமான இன்வேர்ட்டர் பெட்டிகளும் அவற்றுக்குள் வெப்பத்தில் காயும் கொள்ளளவிகளும் வரும்.

இனி உப்புக்கு வருவோம். ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்று நேரே வங்கக் கடலிலிருந்து வீசுகிறது. சுவாமி மலையின் அடியில் அலை மோதிச் சிதறும்போது எழும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத் தூளாகி நகருக்குள் வருகின்றன. கதவிடுக்கில், மின்விசிறி இதழில், மீற்றரின் தெரிவுச் சுழற்றிக்கு உள்ளே எல்லாம் படியும். உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் காற்றின் சாரீரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டியதும் சோடியம் குளோரைட்டு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரைந்து உப்பு நீராகிவிடுகிறது. திருகோணமலையில் இரவும் விடியற்காலையும் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். பகலில் ஒழுங்காக அளந்த மீற்றர் விடிகாலையில் வேறு எண்ணைக் காட்டுவதும், பத்து மணிக்கு மேல் தானே குணமாவதும் இதனால்தான். கொழும்புக்கு அனுப்பினால் அங்கே குளிரூட்டிய அறையில் ஒரு குறையும் தெரியாது. குறை இல்லை என்ற குறிப்போடு திரும்பி வரும்.

கடல் உப்பில் சோடியம் குளோரைட்டு மட்டும் இல்லை, மக்னீசியம் குளோரைட்டும் உண்டு. அது 33 சதவீத ஈரப்பதனிலேயே நீரை இழுக்கத் தொடங்கிவிடும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக வீசி ஊரே காய்ந்து கிடக்கும்போதும், வாடையில் படிந்த அந்தப் படலம் முழுதாக உலர்வதில்லை. வெயிலில் வைத்து எடுத்தால் சரியாகிவிடும் என்பது ஆகவே அரைகுறை வைத்தியம்.

எண்களில் சொன்னால் இதன் கனம் விளங்கும். மல்டிமீற்றரின் வாயிலில் பொதுவாக 10 மெகாஓம் தடை இருக்கும். ஈர உப்பு அந்தத் தடையியின் இரு முனைகளுக்கும் நடுவே 1 ஜிகாஓம் அளவில் ஒரு கசிவுப் பாதை போட்டுவிட்டால் போதும், விளைவுத் தடை 9.9 மெகாஓமுக்கு இறங்கிவிடும். ஒரு சதவீதப் பிழை. 230 வோல்ற் வீட்டு மின்சாரத்தை அளப்பவருக்கு அது பொருட்டல்ல. ஆனால் கலத்திலுள்ள 12 வோல்ற் ஈய பற்றரியை எடுத்துக்கொள்ளுங்கள். முழுதாக ஏறி ஓய்ந்திருக்கையில் ஏறத்தாழ 12.7 வோல்ற், வெறுமையாகும் தறுவாயில் 11.9. முழு வாழ்வும் 0.8 வோல்ற்றுக்குள் அடங்கிவிடுகிறது. அங்கே ஒரு சதவீதம் என்பது 0.12 வோல்ற். பற்றரியில் மிச்சம் எவ்வளவு என்ற கணிப்பில் ஏழில் ஒரு பங்கு பிழையாகிவிடும். அதை நம்பிக் கலம் கிளம்புகிறது.

உப்பை நீக்குவதில் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. பழுதுபார்ப்போர் சுற்றுப்பலகையை ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கும் பற்றாசுப் பிசினுக்கும் அது நல்ல மருந்து. உப்போ அற்ககோலில் கரைவதே அரிது. துடைத்தால் ஓரிடத்து உப்பு இன்னோர் இடத்துக்குத் தள்ளப்படும், அவ்வளவுதான். முதலில் அயன் நீக்கிய நீரால் கழுவ வேண்டும், அதன்பிறகு அந்த நீரை விரட்ட அற்ககோல், அதற்கும் பிறகு மெல்லிய சூட்டில் பல மணி நேர உலர்த்தல். பலகையை நீரில் கழுவுவதா என்று தயங்குவோர் உண்டு. பற்றரியைக் கழற்றிவிட்டு, நீர் புகக்கூடாத பாகங்களை மறைத்துவிட்டுச் செய்தால் பயப்பட ஒன்றும் இல்லை. தெரிவுச் சுழற்றிக்கு அடிக்கும் எண்ணெய் கலந்த தெளிப்பானை உயர்தடைப் பகுதியில் படவிடக்கூடாது. அந்தப் படலம் அடுத்த வாடையின் தூசியை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மற்றப் பழுதுகள் எந்த ஊருக்கும் பொதுவானவை. கசிந்த காரப் பற்றரி வெள்ளையாகப் பூத்திருந்தால் நீர்த்த வினாகிரியால் நடுநிலையாக்கி, நீரால் கழுவலாம். திரையில் கோடுகள் பாதி மறைந்தால் திரைக்கும் பலகைக்கும் இடையே உள்ள கோடுபோட்ட றப்பர்த் துண்டைக் கழற்றித் துடைத்து அமர்த்தினால் பெரும்பாலும் சரியாகும். உயிரோடு விளையாடும் பழுது ஒன்று உண்டு. அது பியூஸ். மின்னோட்டம் அளக்கும் துளையில் கம்பியைக் குத்தி வைத்துவிட்டு, மறதியில் 400 வோல்ற் மும்முனை மின்சாரத்தைத் தொட்டால் மீற்றர் ஒரு குறுக்குக் கம்பியாகிவிடும். அந்த இடத்துக்கென்று வரும் பியூஸ் பீங்கான் குழாய்க்குள் மணல் நிரப்பியது. உருகும்போது எழும் மின்வில்லை மணல் அணைத்துவிடும். அது எரிந்ததும் கடையில் கிடைக்கும் கண்ணாடி பியூஸைப் போடுவதும், அதுவும் இல்லாதபோது செப்புக் கம்பியைச் சுற்றுவதும் எங்கும் நடக்கிறது. அடுத்த முறை மறதி வந்தால் மின்வில் மீற்றருக்குள் நிற்காது, பிடித்திருப்பவரின் கையையும் முகத்தையும் எரிக்கும். சரியான பியூஸ் கிடைக்காவிட்டால் அந்த மீற்றரில் மின்னோட்டத் துளையை அடைத்துவிடுவதே நேர்மையான பழுதுபார்ப்பு.

எல்சிஆர் மீற்றர்கள் சாவது பெரும்பாலும் மின்னேறிய கொள்ளளவியால். 400 வோல்ற்றில் ஏற்றிய 470 மைக்ரோபரட் கொள்ளளவியில் ஏறத்தாழ 38 யூல் சக்தி அடங்கியிருக்கிறது. அதை அப்படியே மீற்றரில் வைத்தால் அத்தனையும் ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் வாயிலில் உள்ள காப்பு இருவாயிகளுக்குள்ளும், மேலே சொன்ன அந்தத் தெரிந்த தடையிக்குள்ளும் பாயும். இருவாயி உடைந்தால் மீற்றர் நின்றுபோகும், அது நல்லது. தடையி உடையாமல் சூடுபட்டு மதிப்பு மாறினால் மீற்றர் தொடர்ந்து வேலை செய்யும். இதைவிட மோசமானது, அந்த 0.1 சதவீதத் தடையியைக் கழற்றிவிட்டுக் கடையில் கிடைத்த 5 சதவீதத் தடையியைப் போட்டுத் திருத்திவிட்டதாகக் கொடுப்பது. பழைய மேசைக் கருவிகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. சிலவற்றின் திருத்தக் காரணிகள் ஒரு சிறு லிதியம் பற்றரியின் துணையோடு நினைவகத்தில் நிற்கின்றன. அந்தப் பற்றரி பழசு என்று எண்ணிப் பிடுங்கியவுடன் காரணிகள் அனைத்தும் அழிந்துவிடும். முதலில் அவற்றைப் படித்து எடுத்து வைக்கத் தெரிந்தவரிடம்தான் அந்தக் கருவியைக் கொடுக்க வேண்டும்.

பழுது தீர்ந்ததும் வேலை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கேதான் அளவுத்திருத்தம் தொடங்குகிறது. அளவுத்திருத்தம் என்பது முதலில் ஒப்பீடு, திருகாணியை முறுக்குவது அதற்குப் பிறகு. மதிப்பு உறுதியாகத் தெரிந்த ஒரு நியமக் கொள்ளளவியை, 100 நனோபரட் என்று வைத்துக்கொள்வோம், மீற்றரில் வைக்கிறார்கள். மீற்றர் 101.3 காட்டுகிறது. தயாரித்தவர் வாக்களித்தது ஒரு சதவீதம். ஆக, எல்லை தாண்டிவிட்டது. இந்த 101.3 தான் வந்தபோது இருந்த நிலை. பிறகு திருத்தி, 100.1 ஆக்கி, அதையும் எழுதுகிறார்கள். இது போகும்போது இருந்த நிலை. பல அளவுகளில், பல அதிர்வெண்களில் இதே வேலை. ஒப்பிடப் பயன்படும் நியமம் மீற்றரைவிடக் குறைந்தது நான்கு மடங்கு நுட்பமாக இருக்க வேண்டும் என்பது நெடுங்கால வழக்கம்.

வந்தபோது இருந்த எண்ணை எழுதாமல் திருத்திக் கொடுக்கும் கடைகளை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த எண் இல்லாவிட்டால், கடந்த ஒரு வருடமாக இந்த மீற்றர் எத்தனை பாகங்களை நல்லது என்று பிழையாகக் கடத்திவிட்டது என்று தேடும் வழியே அடைபட்டுவிடும். வைத்தியசாலைக் கருவியொன்றைத் திருத்தியவர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் திரும்பிப் போய்ச் சோதிக்க வேண்டுமா என்று முடிவு செய்ய முடியும். மீற்றரின் முதுகில் ஒட்டிய பச்சைத் துண்டும் அடுத்த வருடத் திகதியும் அந்தத் தகவலைத் தருவதில்லை.

ஒப்பிடும் அறையின் வெப்பநிலை வழக்கமாக 23 பாகை, ஈரப்பதன் 50 சதவீதத்தை ஒட்டி. திருகோணமலைப் பட்டறையில் 33 பாகையில் கிடந்த மீற்றரை அங்கே வைத்தவுடன் அளக்கக்கூடாது. பல மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு, அறையோடு பழகவிட வேண்டும். பாகைக்குப் பத்து இலட்சத்தில் 50 பங்கு மாறும் தடையி 10 பாகை வித்தியாசத்தில் 0.05 சதவீதம் மாறுகிறது. வெறும் செப்புக் கம்பியோ அதே 10 பாகைக்கு ஏறத்தாழ 4 சதவீதம் மாறிவிடும். அளக்கும் கம்பியின் சொந்தத் தடை கணக்கில் கலக்காதிருக்க, மின்னோட்டத்தைக் கொண்டுபோக இரண்டு கம்பி, வோல்ற்றளவைப் பார்க்க வேறு இரண்டு கம்பி என்று நான்காகப் பிரிக்கும் முறையைக் கெல்வின் பிரபு தந்தார். மில்லிஓம்களை அளக்கும் எல்லா மீற்றரும் இன்றும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

நியமக் கொள்ளளவி சரி என்று யார் சொன்னது? அதைவிட நுட்பமான இன்னொரு நியமம். அதை? இப்படிப் பின்னோக்கிப் போனால் ஹோமாகமவில் உள்ள அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தை அடைவோம். 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் நாட்டின் அளவு நியமங்களை அதன் பொறுப்பில் வைத்திருக்கிறது. இலங்கை 2007 இல் மீற்றர் உடன்படிக்கையின் மாநாட்டில் இணை நாடாகச் சேர்ந்தது. 1955 இல் பிறந்த விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிவந்த கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் கொழும்பில் மின்கருவிகளை ஒப்பிட்டுத் தருகிறது. சோதனைக்கூடங்களின் தகுதியைத் தீர்ப்பது 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த தராதர அங்கீகாரச் சபை.

சங்கிலியின் அந்தக் கடைசி முனையில் இப்போது எந்தப் பொருளும் இல்லை, இயற்கையின் மாறிலிகள்தான் இருக்கின்றன. 1962 இல் 22 வயது மாணவராக இருந்த பிரையன் ஜோசப்சன், மிகக் குளிர்ந்த இரு மீகடத்திகளுக்கு இடையே ஒரு மெல்லிய காப்புப் படலத்தை வைத்தால் வோல்ற்றளவும் அதிர்வெண்ணும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் என்று கணித்தார். ஒரு வோல்ற்றுக்கு ஏறத்தாழ 483,598 ஜிகாஹேர்ட்ஸ். அதிர்வெண்ணை அணுக்கடிகாரத்தால் மிக நுட்பமாக அளக்கலாம், ஆகவே வோல்ற்றையும் அளக்கலாம். 1980 இல் கிளவுஸ் வொன் கிளிற்சிங், வலிய காந்தப் புலத்தில் ஒரு குறைகடத்தியின் தடை 25,812.807 ஓமின் முழுப் பங்குகளாக மட்டுமே படி படியாக நிற்பதைக் கண்டார். 2019 மே 20 முதல் சர்வதேச அலகுகள் மாறிலிகளின் மேலேயே நிற்கின்றன. கொட்பேயில் ஒரு மீற்றர் காட்டும் எண்ணுக்கும் இந்த மாறிலிகளுக்கும் நடுவே அறுபடாத ஒப்பீடுகளின் தொடர் இருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

அந்தத் தொடர் அறுபடுவது பெரும்பாலும் திருகோணமலைக்கும் கொழும்புக்கும் இடையிலான 250 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வீதியில்தான். சந்தையில் மீன் நிறுக்கும் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. அதே மீனைக் கரைக்குக் கொண்டுவரும் கலத்தின் மின்கருவியைச் சோதிக்கும் மீற்றருக்கு அப்படி ஒரு முத்திரை இல்லை. 2022 இல் டொலர் வற்றி, இறக்குமதி முடங்கியபோது புதிய மீற்றர் வாங்க முடியாமல் பழையவற்றையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். அந்தத் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் திருத்திய ஒவ்வொரு மீற்றரும் ஒப்பிடப்பட்டிருக்க வேண்டும்.

நுட்பம் எவ்வளவு வேண்டும் என்பதற்கு இந்த ஊரிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. ஜேர்மனியின் டொச்சவெல்லே வானொலி 1980களில் திருகோணமலையில் ஓர் அஞ்சல் நிலையம் அமைத்தது. இப்போது அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கையில். அங்கிருந்து 1548 கிலோஹேர்ட்ஸ் நடுவலையில் போன ஒலிபரப்பு இந்தியாவிலும் கேட்கும் வலுவுடையது. அனுப்பியின் அதிர்வெண்ணைப் படிகம் காக்கிறது. ஆனால் அந்த அலையைப் பிடிக்கும் சாதாரண றேடியோவில் ஒரு தூண்டியும் ஒரு கொள்ளளவியும் சேர்ந்துதான் அலையைத் தெரிவுசெய்கின்றன. கொள்ளளவு ஒரு சதவீதம் விலகினால் இசைவு அதிர்வெண் அரைச் சதவீதம் விலகும். 1548 இல் அரைச் சதவீதம் என்பது 7.7 கிலோஹேர்ட்ஸ். நம் பகுதியில் நடுவலை நிலையங்களுக்கு இடையே விடப்படும் இடைவெளியே 9 கிலோஹேர்ட்ஸ்தான். ஒரு சதவீதம் என்று நாம் அலட்சியமாகச் சொல்வது றேடியோவை ஏறத்தாழ அடுத்த நிலையத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது.

பட்டறைகள் உடனே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. காற்றுப் புகாத ஒரு பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல். 100 ஓம், 10 கிலோஓம், 1 மெகாஓம், 10 மெகாஓம் என நான்கு நுண்தடையிகள், 0.1 சதவீதம் அல்லது அதைவிட நல்லவை. 1 நனோபரட், 10 நனோபரட் அளவில் சி0ஜி வகைப் பீங்கான் கொள்ளளவிகள். இவை பாகைக்குப் பத்து இலட்சத்தில் 30 பங்குக்கு மேல் மாறாதவை. சாதாரண எக்ஸ்7ஆர் பீங்கான் வேண்டாம். அது சும்மா கிடந்தே மதிப்பிழக்கும், வோல்ற்றளவு ஏறினாலும் சுருங்கும். பெரிய அளவுக்கு ஒரு பொலிபுரொப்பிலீன் கொள்ளளவி. 5 அல்லது 10 வோல்ற் தரும் ஒரு நிலை வோல்ற்றளவுச் சில்லு. வெப்பமும் ஈரமும் காட்டும் சிறு கருவி. இந்தப் பெட்டியை மட்டும் ஆண்டுக்கொரு முறை தகுதி பெற்ற சோதனைக்கூடத்துக்கு அனுப்பி எண்களை வாங்க வேண்டும். பட்டறையில் உள்ள எல்லா மீற்றர்களையும் கிழமைக்கு ஒருமுறை இந்தப் பெட்டியோடு வைத்துப் பார்த்து, திகதி, நேரம், ஈரப்பதன் எல்லாம் சேர்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். ஒருநாள் விடியற்காலையிலும் அதே நாள் நண்பகலிலும் எழுதினால் உப்பின் வேலை கண்ணுக்குத் தெரியும். இது அளவுத்திருத்தத்துக்கு ஈடாகாது. எந்த மீற்றரை எப்போது அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் காலத்தோடு சொல்லிவிடும்.

இதைத் தனித்தனிப் பட்டறைகளின் தலையில் கட்டாமல் ஊரே சேர்ந்து செய்யலாம். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது, நகரில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. இரண்டில் ஒன்று 23 பாகையில் ஓர் அறையை ஒதுக்கி, இத்தகைய பயண நியமங்களைப் பராமரித்தால் போதும். ஆண்டு முழுதும் மீற்றர்கள் கொழும்புக்கு அலையாமல், நியமங்கள் மட்டும் ஒருமுறை போய் வரும். வாடை தொடங்குமுன் ஒரு சுற்று, முடிந்தபின் ஒரு சுற்று என்று கொட்பேப் பட்டறைகளின் மீற்றர்களை மாணவர்கள் ஒப்பிட்டு எழுதலாம். ஒப்பீட்டுக்கு இடையே எவ்வளவு காலம் விடலாம் என்ற கேள்விக்குக் கையேட்டில் உள்ள ஒரு வருடத்தை அப்படியே நம்பாமல், மூன்று நான்கு வாடைகளின் எண்களைப் பார்த்து இந்தக் கரைக்கென்று ஒரு விடை காண முடியும். விலகாத மீற்றருக்கு இரண்டு வருடம், விலகும் மீற்றருக்கு ஆறு மாதம்.

அதுவரை, மீற்றரைத் திருத்தக் கொடுத்தவர்கள் திரும்ப வாங்கும்போது தாளில் நான்கு விடயங்களைத் தேடுங்கள்: வந்தபோது இருந்த எண், போகும்போது இருந்த எண், அன்றைய அறையின் வெப்பமும் ஈரமும், ஒப்பிட்ட நியமத்தின் சான்றிதழ் இலக்கம். கூடவே, எத்தனை சதவீத நிச்சயத்தோடு என்ன அளவு ஐயப்பாடு என்றும் எழுதியிருக்க வேண்டும்; வழக்கம் 95 சதவீதம். வந்தபோது இருந்த எண் விடுபட்டிருந்தால் காசு கொடுப்பதற்கு முன் அதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். கடையில் இருக்கும்போதுதான் அவர்களுக்கு அது நினைவிருக்கும்.